இரண்டரைக் கிலோ

தோட்டத்து மருத்துவமாது வேலை என்றால் பிள்ளை பிறக்க வைக்கிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை பெரும்பாலும் தானாகவே பிறந்துவிடும். சாப்பிடாத பெண்களைச் சாப்பிடச் சொல்வதும், சாப்பிட்டேன் என்கிறவர்களை நம்பாமல் இருப்பதும்தான் வேலை. ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை இருபது தடவை சொல்லிவிட்டு இருபத்தோராம் தடவைக்குப் படியேறியவர் யாராக இருந்தாலும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாலும் காப்புறுதி ஏஜெண்டாக இருந்தாலும், இதை வாசித்துவிட்டு என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

எண்பதுகளின் கடைசியில் மாத்தளைப் பக்கம் யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். தாளில் என் பெயருக்குப் பின்னால் மருத்துவமாது என்று இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நான் மிஸ்ஸி. பிறக்கும் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். குறைந்தால், ஊரில் வருகிற சளியும் காய்ச்சலும் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டைத்தான் விசாரிக்கும். ஐந்தாம் லயத்துச் செல்வமணிக்கு மூத்தவள் இரண்டு கிலோவில் பிறந்தாள்; எப்படியோ தப்பிவிட்டாள். இரண்டாவது பையன் ஒரு கிலோ எழுநூறு. ஒன்பது நாள் இருந்தான். மூன்றாவது முறை அவள் உண்டாகியிருந்தபோது நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுவரைத் தின்ற எலி

செல்வமணி வீட்டு வாசல் நிலையை ஒட்டி, குந்தியிருந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில், சுவரில் ஒரு குழி இருந்தது. போன மாதம் பார்த்தபோது விரல் நுனி அளவு. இந்த மாதம் உள்ளங்கை அளவு. மண் பூச்சு அந்த இடத்தில் மட்டும் நகத்தால் வழித்ததுபோல் நயமாகப் போயிருந்தது. "இது என்ன?" என்று அவளுடைய மாமியார் காத்தாயியைக் கேட்டேன். "எலி மிஸ்ஸி. தோட்டம் பூரா எலிதான்" என்றாள்.

உடம்பில் இரத்தம் குறைந்த கர்ப்பிணிக்குச் சோற்றில் மனம் போகாது. மண்ணில் போகும், சாம்பலில் போகும், பச்சரிசியில் போகும். செல்வமணி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் படங்கு அலசிக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அந்த முரட்டுத் துணிக்குள் ஆறு மாத வயிற்றைக்கூட ஒளித்துவிடலாம். போன முறை எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்து கண் பட்டுவிட்டது என்று அவளுக்கு எண்ணம். கர்ப்பிணி என்று பெயர் பதிந்துவிட்டால் கங்காணி தன்னைச் சேக்காளிகளிடமிருந்து பிரித்துப் புல்லு வெட்ட அனுப்பிவிடுவார் என்ற பயமும் இருந்தது. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காத்தாயியிடம், "நாளைக்கே டிஸ்பென்சரியிலிருந்து எலி மருந்து கொண்டுவந்து அந்தக் குழியில் தடவுகிறேன்" என்று பீலிவரை கேட்கிற மாதிரிச் சொன்னேன். செல்வமணி அலசிய படங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மருந்து கிருந்து வச்சிராதீங்க மிஸ்ஸி, எலிக்கு மூணு மாசம்."

தேயிலைத் தோட்டத்தில் சொல்லக் கூடாதது

செல்வமணியின் கண் மடலை இழுத்துப் பார்த்தேன். உள்ளே கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே கடதாசி. மாத்திரையை எறிகிறாள் என்று நினைத்து வீட்டுக்குப் போய் எண்ணினேன். சரியாகக் குறைந்திருந்தது. வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் காலைத் தேத்தண்ணி நேரம் மலைக்கே ஏறிப்போனேன். செல்வமணி முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தார் மாதிரிக் கறுத்த வெறும் தேத்தண்ணியை ஒரு கோப்பை ஊற்றி விழுங்கினாள். மிஸ்ஸி சொன்ன வேலையைச் செய்துவிட்டேன் என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. பெண்களை அங்கேயே கூட்டிவைத்து விளக்கினேன். மாத்திரைக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு மணி நேரத்துக்குத் தேத்தண்ணி வேண்டாம், புளிப்பான தேசிக்காய்த் தண்ணியில் போடுங்கள் என்றேன். கொஞ்சம் உற்சாகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. "தேத்தண்ணி இரத்தத்தைக் கெடுக்கும்" என்று முடித்தபோது பின்னால் கங்காணி நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். சுற்றிலும் நாலு மலைத் தேயிலையை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்ஸி, ஒங்களுக்குக் கும்புடு போடுறேன், இத தொரை இருக்கிற எடத்துல மட்டும் சொல்லிராதீங்க."

அட்டையின் பழக்கம்

வெற்றிலையை விடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் வைக்கிற புகையிலையை மட்டும் விடச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளையை அது வளரவிடாது. விட்டுவிட்டேன் என்றாள் செல்வமணி. ஆனால் இடுப்புச் சுருக்குப் பையில் புகையிலை வாசம் வந்தது. மலையில் அட்டை கடித்தால் அதை வைத்துத்தானே எடுக்க வேண்டும் என்று கேட்டாள். அது உண்மைதான். மழைக்காலத்தில் ஒரு கால் சும்மா வந்தால் மறுகாலில் பத்து அட்டை வரும். நான் ஒரு சவர்க்காரத் துண்டைக் கொடுத்து, இதைத் தேய்த்தாலும் அட்டை விழும் என்றேன். மறுவாரம் சவர்க்காரம் கொடுத்தபடியே இருந்தது, புகையிலைதான் பாதியாகியிருந்தது. மழை பெய்து மூன்று வாரமாகிறது, இந்த வெயிலில் ஏது அட்டை என்றேன்.

"நானா போடுறேன் மிஸ்ஸி? அட்டைக்குத்தான் பழகிப்போச்சு."

புகையிலைப் பொட்டலத்தை மட்டும் மறுபேச்சில்லாமல் என் கையில் வைத்தாள். இதையும் அவள் சொன்னதோடு முடித்திருக்கலாம்; ஆனால் அவளுக்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டுமே.

கவ்வாத்துக்காரருக்குப் பாடம்

செல்வமணியின் புருஷன் ராமையா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க விடுகிற வேலை அது. தோட்டத்தில் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. இரண்டாவது பிள்ளை போய்ப் பத்து மாதத்தில் மூன்றாவது. இடைவெளி இல்லாமல் உண்டானால் தாயின் உடம்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது, பிள்ளை சின்னதாகத்தான் வரும் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். பட்டணத்துப் பேச்சு வேண்டாம், அவருடைய தொழிலிலேயே சொல்வோம் என்று முதல் நாளே யோசித்துத் தயாராகப் போனேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு திருப்தி.

"ராமையா, கவ்வாத்து வெட்டின மலையில் மறுவாரமே கொழுந்து எடுப்பீர்களா?" என்றேன். "எப்படி மிஸ்ஸி? செடி செத்துப் போகுமே" என்றார். "அப்படியென்றால் செடிக்கு ஓய்வு கொடுக்கிற ஆளுக்கு, வீட்டிலிருக்கிற பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத் தெரியவில்லையே?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தியைத் துடைத்தார். எனக்கு வெற்றி என்றே நினைத்தேன்.

"வெட்டின மலைக்கு ஒரம் போடுறாங்க மிஸ்ஸி, எங்களுக்கு எவன் போட்டான்?"

இல்லாத கன்றுக்குட்டி

அப்படிச் சொன்னாலும் என் பேச்சு ராமையாவுக்குள் எங்கேயோ வேலை செய்திருக்க வேண்டும். செல்வமணி பகல் முழுக்க மலையில் கூடை சுமந்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பாள், விறகும் அவள்தான். இதில் எதையாவது நீங்கள் எடுக்கக் கூடாதா என்று போகிறபோக்கில் கேட்டுவைத்திருந்தேன். பொம்பளைகள் நிற்கிற பீலியில் ஆம்பிளை வாளியோடு போய் நின்றால் லயம் முழுக்கச் சிரிக்கும். ராமையா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானம் தன் வேலை முடிந்ததும் இரண்டு வாளியோடு பீலிக்குப் போவார். கேட்டால் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் என்பார்.

முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுப் பாக்கியம், பீலியடியில் பத்துப் பெண்கள் நிற்கும்போது, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்.

"ராமையாண்ணே, கன்னுக்குட்டி நல்லா தண்ணி குடிக்குதே, மாடு எப்பண்ணே வாங்கப் போறீங்க?"

மறுநாளும் மனிதர் இரண்டு வாளியோடு வந்தார்.

வாசலும் அலுமாரியும்

இனிக் காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக் குசினியும் அடுப்பும் அவள் கையில் இருந்தன. கர்ப்பிணிகளுக்கென்று கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷ மாவைச் செல்வமணி மாதாமாதம் வாங்கிக்கொண்டு போவாள். சொல்லாமல் ஒருநாள் போனேன். மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வைத்திருந்தார்கள். ராமையாவின் வாயில் ஒன்று. மூத்தவளின் இரண்டு கையிலும் இரண்டு. பார்க்க வந்திருந்த உறவுக்காரர் மூன்றாவதை முடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்த செல்வமணி, எல்லோரும் எடுத்த பிறகு தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

காத்தாயியை வெளியே கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள். அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்குப் பிள்ளை பெரிசு. இரண்டு நாள் வலி. பிள்ளை வெளியே வராமலே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மாசமாயிருக்கிற பெண்ணுக்கு அரை வயிறுதான் சரி என்று முடிவு செய்திருக்கிறாள். சின்னப் பிள்ளை என்றால் லேசாக வரும். வந்த பிறகு வளர்த்துக்கொள்ளலாம். பட்டினி போட்டது பொல்லாத்தனத்தில் இல்லை, பயத்தில் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, வயிற்றைத் தொட்டுப் பார்த்து முதலிலேயே சொல்லிவிடுவோம், பிள்ளை சின்னதாகப் பிறந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டிலேயே பார்த்தீர்கள்தானே என்றேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் கண் ஒரு கணம் கலங்கியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"வாசல பாத்துத்தான் மிஸ்ஸி அலுமாரி வாங்கணும், வாங்கிட்டு வந்து வாசல ஒடைக்க முடியுமா?"

மூன்றாவது வயிற்றுக்குச் சோறு

ஏழாம் மாதம் செல்வமணியை நிறுத்துப் பார்த்தேன். முந்திய மாதத்திலிருந்து முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. புத்தி சொல்லிப் பயனில்லை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் சோறாக்கிப் போடுகிற வழக்கம் ஞாபகம் வந்தது. முதல் பிள்ளை உண்டானவளுக்கு ஏழாம் மாதம் சொந்தக்காரர்கள் வகை வகையாகச் சோறு சமைத்துக் கொண்டுவருவார்கள். அவள் மணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால், எல்லோருக்கும் முதலில் சாப்பிட வேண்டும். மாமியாருக்குப் பிறகு, புருஷனுக்குப் பிறகு என்கிற பேச்சே அன்றைக்கு மட்டும் கிடையாது. பாக்கியத்திடம் போய், செல்வமணிக்கு நீங்கள் ஆளுக்கொரு நாள் சோறாக்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். கன்றுக்குட்டி விஷயத்துக்குப் பிறகு அவளுக்கும் பொழுது போகாமல்தான் இருந்தது. உடனே சரி என்றாள். "மூணாவது வயித்துக்குச் சோறாக்கிப் போடுற கூத்து எந்த ஊருலயாச்சும் இருக்கா?" என்று காத்தாயி கத்தினாள். இரண்டாவது தங்காத வீட்டில் மூன்றாவதை முதலாவதாகத்தான் எண்ண வேண்டும் என்றேன். கூடவே, மணையில் வைத்த சோற்றை வேறு ஆள் தொட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றும் சொல்லிவைத்தேன். இந்த இரண்டு விதியும் அந்த இடத்தில் நின்றபடி நான் உண்டாக்கியவை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் பாக்கியம் முருங்கைக் கீரையும் கருவாடும். அடுத்து இரண்டாம் வீட்டார் பயறும் முட்டையும். பிறகு ஒருநாள் ஈரப்பலாக்காய்க் கறி. வருகிறவர்கள் சாப்பிட்டு முடியும்வரை உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே முந்தின நாள் வந்தவளின் சமையலைக் குறை சொல்வார்கள். செல்வமணி முதலில் கூச்சத்தில் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில், "பாக்கியக்காவே தேவல, நேத்து கறியில உப்பில்ல" என்று அவளும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினாள். காத்தாயி மூலையில் வெற்றிலையை இடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரி பற்றிய பயத்தை என்னால் அசைக்க முடியவில்லை. பத்தாம் நாள் இன்னொன்று அதை அசைத்தது. அன்றைக்குச் சோறாக்கும் முறைக்காரி கொண்டுவந்த சட்டியைக் காத்தாயி வாசலிலேயே நிறுத்திவிட்டு, அடுப்பில் வைத்திருந்த தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மணைக்கு முன்னால் வைத்தாள்.

"நகருங்க மிஸ்ஸி, ஊரான் சோத்துல வளந்த புள்ளன்னு நாளைக்கு எவளும் எங்கள பேசக் கூடாது."

முள் நின்ற இடம்

கிளர்ச்சி நடந்த அந்தக் காலத்தில் தோட்டத்து இரும்புக் கேட்டில் திடீர் திடீரென்று கையெழுத்துத் தாள் ஒட்டியிருக்கும். யார் ஒட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடை திறக்கக் கூடாது, வாகனம் ஓடக் கூடாது என்று இருந்தால், கடை திறக்காது, வாகனம் ஓடாது; மீறினால் உயிர் போகும். அப்படி ஒரு தாள் ஒட்டிய காலையில்தான் செல்வமணிக்கு வலி கண்டது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக எழுதி வைத்திருந்தேன். தோட்டத்து லொறி டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் மிஸ்ஸி என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த பிரசவக் காம்பராவில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். காத்தாயியை வெளியே இருக்கச் சொன்னேன். அவள் உள்ளேதான் இருந்தாள். வலி கூடும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பிட வைத்தது நீதானே என்கிற பார்வை. நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சிக்கலும் இல்லாமல், பெண் பிள்ளை பிறந்தது. அழுகை லயம்வரை கேட்டிருக்கும்.

துணித் தொட்டிலில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். பிள்ளை காலை உதைத்ததில் முள் ஆடியது. நின்றது. இரண்டு கிலோ அறுநூறு! நானே சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளியே ராமையா யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. காத்தாயி மட்டும் தராசைச் சந்தேகமாகப் பார்த்தாள். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள்; கழிக்காத நிறையை அவள் ஆயுளில் பார்த்ததில்லை. "துணிக்குக் கழிச்சீங்களா மிஸ்ஸி?" என்றாள். கழிக்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு வெறும் துணியை மாட்டினேன். முள் நூறில் வந்து நின்றது. இரண்டரை. ஒரு இம்மி குறைந்திருந்தாலும் நான் நிறை குறைந்த பிள்ளைகளின் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். காத்தாயிக்குத் திருப்தியில்லை. பிள்ளை நனைந்திருக்கிறது, ஈரத்துக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டாமா என்றாள். எனக்கும் புத்தி பேதலித்துவிட்டது. இன்னொரு தடவை துடைத்து நிறுத்துப் பார்க்கலாமா என்று பிள்ளைக்குக் கை நீட்டினேன். அதுவரை கண்ணை மூடிக்கிடந்த செல்வமணி எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"கழிச்சது போதும், ரெண்டு பேரும் எம்புள்ளய எங்கிட்ட குடுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளை நிறுத்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் முதலில் துணியைத்தான் நிறுப்பேன், ஏனென்றால் ஆயுள் முழுக்கக் கழித்து வாங்கியே பழகிய பெண்களிடம் தராசைப் பிடித்துக்கொண்டு பெருமையடிக்கிற தைரியம் எனக்கு அன்றோடு போய்விட்டது.